சுருக்கக் கற்றவனும் சுருக்கம் கேட்டு நின்றவனும்

கல்வி, எழுத்துக்கூட்டி வாசித்தலோடு முடிவதன்று. வாசித்ததைக் கருத்துக் கெடாது, சில வாக்கியங்களில், தன் சொல்லால் எடுத்துரைக்க வல்லவனே அதனைக் கற்றவனாவான். இவ்வாற்றல் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் வாய்க்காதிருந்த வரலாற்றையும், அதனைத் தொடக்கப் பள்ளியிலேயே அளிக்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

சுருக்குதல் தமிழர்க்குப் புதிய கலையன்று. தொல்காப்பியம் வழிநூலின் வகை நான்கனுள் தொகுத்தலை முதற்கண் வைத்தது. நன்னூலார் நூலின் அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலையே முதலாக எண்ணினார். பொழிப்புத் திரட்டல் பண்டை உரையாசிரியர் கைக்கொண்ட முறைகளுள் ஒன்று. ஆயினும் இவை புலவர்க்கு உரியவாயிருந்தன. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய சிறுவனுக்குக் கிட்டியது மனப்பாடமே. சுவடி அரிதாயிருந்த காலத்தில் நெஞ்சையே சுவடியாக்க வேண்டியிருந்தது, அதனைக் குறைகூறோம். அச்சுப் புத்தகம் மலிந்த பின்னும் அவ்வழக்கம் ஒழியாமையே குறை.

அஃது ஒழியாமைக்கு அரசாங்கமும் துணைநின்றது. 1862 இல் இங்கிலாந்தில், பிள்ளைகளின் தேர்ச்சியை அளந்து பள்ளிக்கு நன்கொடை வழங்கும் முறை வந்தது. பின்னர்ச் சென்னை மாகாணத்திலும் அது பின்பற்றப்பட்டது. இன்ஸ்பெக்டர் முன் தடையின்றி வாசித்தாற் பணம் கிட்டும். ஆதலின் புத்தகம் முழுவதும் நெட்டுருவாயிற்று. இன்ஸ்பெக்டராயிருந்த மாத்யூ ஆர்னால்டே இம்முறை கல்வியை இயந்திரமாக்கிற்றெனக் கண்டித்தார்.

அதே இங்கிலாந்தில், 1855 இல் அமைந்த அரசாங்க உத்தியோகத் தேர்வுக் கழகம், கடிதக் கட்டுகளைச் சுருக்கி வரையும் ‘பிரேசி’ என்னும் பயிற்சியைத் தேர்வுப் பாடங்களுள் ஒன்றாக்கியது. கேம்பிரிட்ஜ் தேர்வு 1891 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைபெறலாயிற்று. அதனை நோக்கிய ஆங்கிலப் பள்ளிகளில் இப்பயிற்சி நாளடைவில் வேரூன்றியது. கிராணி வேலைக்கு வந்தோர் அப்பள்ளிகளிற் கற்றோரே.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் நிலை யாது? 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் பள்ளி வைக்குமாறு விதித்தது. கெடா அக்கூட்டிற் சேராததெனினும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் ஓரறை, ஓராசிரியர், பல வகுப்பு. புத்தகங்களோ கப்பலேறி வந்தவை. வாசிப்பும் கணக்கும் கற்பித்ததே அரிது; சுருக்கம் கற்பிக்க நேரமேது?

விளைவு சிறிதன்று. தோட்டத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டால், எழுத்தறிந்தவனும் அதனை உரக்க வாசித்து முடித்து, “கிராணி ஐயா, இதில் என்ன சொல்லியிருக்கிறது?” என்று கேட்டு நிற்பான். கிராணி கூறியதே அவனுக்குப் பொருள். கிராணி நேர்மையாளனாயின் நன்று. துரையின் நன்மையே கருதுபவனாயின், கூலிக் குறைப்பும் ஒரு சொல்லில் மறைந்துபோம். கிராணித் தொழில் புரியும் நாம் இதனை ஒளிப்பதற்கில்லை. சுருக்குவோன் கையிலேயே அதிகாரம் தங்கிற்று.

1957 க்குப் பின் தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்விமுறையில் இடம்பெற்றன. 1988 இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் கருத்துணர்தல் ஒரு பகுதியாயிற்று, இது முன்னேற்றமே. எனினும் வினாவிலுள்ள சொல்லை உரைப்பகுதியில் தேடி, அவ்வரியைப் பெயர்த்தெழுதும் தந்திரமும் உடன் வளர்ந்தது. 2021 இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தந்திரமும் நீங்கிற்றோ என்பதே கேள்வி.

இது நம் பிள்ளைகளின் குறையன்று. ஆன் பிரௌன், ஜீன் டே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1983 இல் வெளியிட்ட ஆய்வில், இளைய மாணவர் சில வரிகளை நீக்கி எஞ்சியவற்றை அவ்வாறே எழுதுவதையும், முதிர்ந்தோர் கருத்துகளை இணைத்துத் தம் சொல்லில் ஆக்குவதையும் காட்டினர். இணைத்தல் தானாக வாராது, கற்பிக்க வேண்டும்.

மங்கு, உளி, வாளி என்பவற்றைப் ‘பால்வெட்டுக் கருவிகள்’ என ஒரு பெயரால் அடக்கச் சொல்வது முதற்படி. பின் ஒரு பாடம் கொடுக்கலாம்: 1876 இல் விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார், 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன, பின்னர் ரிட்லி, மரம் கெடாது பால் வெட்டும் முறையைக் கண்டார். பிள்ளை முதல் வரியைப் பார்த்தெழுதினால் ஏற்கலாகாது. “ரப்பர் பிற நாட்டு மரம், அதனைக் கெடுக்காது பால் எடுக்கக் கற்ற பின்னரே அது பெரும்பயிராயிற்று” என்பது போல் அதன் வாயிலிருந்து வரவேண்டும். புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லச் செய்தல் இதற்கு எளிய வழி.

அவ்வாறு சுருக்கத் தெரிந்த பிள்ளை அத்துடன் நில்லாது. “விதை கொணர்ந்தவர் பெயர் உளது, வெட்டும் முறை கண்டவர் பெயர் உளது, நாள்தோறும் வெட்டியவர் எங்கே?” என்று வினவும். பாடம் சொன்னதை அளந்தறிந்தவர்க்கே, அது சொல்லாது விட்டதும் தெரியும்.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளை எத்தனை பக்கம் வாசித்தது என்று கேளாதீர். வாசித்தது யாதென மூன்று வாக்கியத்தில் கேளுங்கள். பிறர் சுருக்கித் தந்த பொருளை ஏற்று வாழ்ந்த காலம் நம் பாட்டன்மாரோடு ஒழியட்டும்.