பொன் போன பின் நின்ற மண்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோலார் தங்கவயல் அயலூர் அன்று. நம்மவருள் சிலருடைய பாட்டனாரோ தாய்மாமனோ அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவரே. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஆகிய மாவட்டங்களினின்று சென்றவர்களின் தோள்வலியே அவ்வூரை ஆக்கிற்று. ஆதலின் அம்மண்ணின் வரலாறு ஒருவகையில் நம் குடும்ப வரலாறேயாம். பொன்னின் கதையைப் பலர் எழுதியுள்ளனர். பொன் போன பின் நின்ற மண்ணின் கதையை இம்மலரில் சிறிது கூற விழைகின்றோம்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குப் பணி தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் அங்கு வந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை மனிதன் இறங்கினான். ஏறக்குறைய 800 டன் பொன் வெளிவந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

பொன் போயிற்று, எஞ்சியது யாது? பிற்காலத்தில் ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் சில கிராம் பொன்னே கிட்டிற்று. சயனைடு நீரில் பொன்னைக் கரைத்தெடுத்த பின் மீந்த பொடியெல்லாம் ஊருக்குள்ளேயே குவிக்கப்பட்டது. மக்கள் ‘சயனைடு மலை’ என்றழைக்கும் அக்குன்றுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட பொடி கிடக்கிறது. காற்றடி காலத்தில் அது பறந்து வீடுகளிலும் வயல்களிலும் படியும்.

அதன்மேல் புல் எளிதில் முளையாமைக்குக் காரணம் உண்டு. அது மண்ணன்று, அரைத்த கல். இலைமக்கு இல்லை, அதனை உண்டு வாழும் நுண்ணுயிரும் இல்லை. மழைநீர் தங்குவதில்லை, விழுந்த விதையையும் காற்று கொண்டுபோய்விடுகிறது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தார்க்கு இருந்திலது.

இனி நெய்வேலியைக் காண்போம். 1934-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கருநிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கு ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்றல் வேண்டும். அம்மண்ணை நிலக்கரி எடுத்து முடித்த குழியிலேயே திரும்ப நிரப்புகின்றனர். அதன்மேல் மரம் வளர்க்கவும் பயிர் செய்யவும் வேளாண் அறிஞர் துணையுடன் முயன்றனர்.

முறை யாதெனின், நிரப்பிய இடத்தைச் சமன்செய்து, சேமித்த மேல்மண்ணைப் பரப்பி, தொழுவுரம் இட்டு, சணப்பு, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் செடிகளை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல். இவ்வகைச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு ஊட்டும். ஆண்டுக்காண்டு இவ்வாறு செய்ய, செத்த மண் மெல்ல உயிர்பெறும். நம் பாட்டனார் களர்நிலத்தைத் திருத்திய முறையும் ஏறக்குறைய இதுவே!

எனினும் ஒன்றை மறைத்தல் நன்றன்று. சுரங்க நிலத்தில் மரம் நிற்பது வேறு. நிலம் இழந்த உழவன் கையில் வயல் மீள்வது வேறு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் நிலையில் நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் ஏறிய காட்சியைக் கண்டு நாடே கலங்கியதை அன்பர்கள் அறிவர். பச்சை போர்த்துவதால் மட்டும் கடன் தீர்ந்ததாகாது.

2020 ஜனவரி 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சுரங்கப்பணி முடிந்த நிலத்தில் கால்நடைக்கும் வனவிலங்குக்கும் உதவுமாறு மீண்டும் புல் வளர்த்தல் வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்குமாறு மத்திய அரசைப் பணித்தது. சட்டம் வந்துவிட்டது. அதனைக் கேட்டு வாங்கும் குடிமக்கள் வேண்டும்.

இஃது எங்கோ நடப்பதன்று. நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் வெட்டப்படும் பச்சைக் கருங்கல் தொலைநாடுகளிலும் பெயர்பெற்றது. வெட்டிய குழிக்கு யார் பொறுப்பு? ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று தெரியும்: ஏற்றிய சரக்குக்கு ரசீது உண்டு. ஏற்றிய இடத்தில் என்ன எஞ்சியது என்பதற்குக் கணக்கேட்டில் பத்தியே இல்லை. அப்பத்தியை நாமே எழுதுதல் வேண்டும். குவாரி திறக்கும் முன் மேல்மண் தனியே வைக்கப்பட்டதா என்று ஊர்க்கூட்டத்தில் வினவுவோம். மூடிய இடத்தில் நம் சீமைக்குரிய வேம்பு, புங்கு, புளி, சீத்தா ஆகியவற்றை நட்டு, மூன்று கோடையேனும் நீர் வார்ப்போம்.

பாலாறு கோலார்ச் சீமையில் நடந்து, குப்பத்தைக் கடந்து தமிழகம் புகுகிறது. அதற்கு எல்லை தெரியாது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது ஆந்திரத்தில் தங்கிவிட்ட நமக்கும் அதுவே பாடம். எந்த மண்ணில் உண்கிறோமோ அந்த மண் நம்முடையதே. அதனை உயிரோடு மக்கள் கையில் ஒப்படைப்பது நம் கடன்.

வாழ்க சங்கம்! வளர்க பசுமை!