ஜானகி டீச்சரும் கிரேசி மோகனும்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாடு முடித்து, கால் நீட்டி உட்கார்ந்து படியுங்கள்.

நம் பக்கத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் வல்லக்குண்டாபுரத்துக்காரர் கவுண்டமணி. நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சூலூர்க்காரர் மணிவண்ணன். கோவை சரளா பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறார். ‘கோயமுத்தூர்க் குசும்பு’ என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். இத்தனை பேர் இருக்க, மயிலாப்பூர்க்காரர் ஒருவரைப் பற்றி சோமனூர் வாத்தியார் எதற்கு எழுத வேண்டும்?

இரண்டு காரணங்கள். ஒன்று, யாரையும் புண்படுத்தாமல் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதர் ஊரைச் சிரிக்க வைத்தார். அது எப்படி என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, அந்த வாழ்க்கையின் தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் நிற்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

கிரேசி மோகன் பிறந்தது 1952 அக்டோபர் 16. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகம் போட்டார்கள். அதில் அவரை மேடையேற்றியவர் ஜானகி என்ற டீச்சர். வேஷம் போட்டுவிட்டார், வசனம் சொல்லிக் கொடுத்தார், மேடையில் நிறுத்தினார். டீச்சர் செய்தது அவ்வளவுதான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆண்டு விழாவுக்கு நடக்கிற காரியம். அடுத்த நாள் டீச்சர் கணக்குப் பாடம் எடுக்கப் போயிருப்பார். பையன் மட்டும் அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை.

பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். 1972-ல் கல்லூரிகளுக்கு இடையே நடந்த நாடகப் போட்டிக்கு ‘கிரேட் பேங்க் ராபரி’ என்று ஒரு நாடகம் எழுதிப் பரிசு வாங்கினார். பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். அப்போது கமலுக்கு வயது பதினெட்டை ஒட்டித்தான் இருக்கும். பரிசு வாங்கியவரைவிடக் கொடுத்தவர் இரண்டு வயது சின்னவர்! இந்த இருவரும் பின்னாளில் சேர்ந்து என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று அந்த மண்டபத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியில் வேலை. பகலில் கம்பெனி, ராத்திரியில் நாடகம். 1976-ல் எஸ்.வி.சேகரின் ‘நாடகப்ரியா’ குழுவுக்காக ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். அந்த நாடகம் ஓடிய ஓட்டத்தில் அதன் முதல் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ரங்காச்சாரி மகன் மோகன், கிரேசி மோகன் ஆனார். 1979-ல் சொந்தமாக ‘கிரேசி கிரியேஷன்ஸ்’ குழுவைத் தொடங்கினார். தம்பி பாலாஜிதான் கதாநாயகன். நாடகத்துக்கு நாடகம் அவர் பெயர் மாது. கூட்டாளி பெயர் சீனு. அந்த வேடங்கள் நிலைத்து, நடிகர்கள் ‘மாது’ பாலாஜி என்றும் ‘சீனு’ மோகன் என்றுமே அறியப்பட்டார்கள். சினிமாவில் பேர் வந்த பிறகும் அந்தக் குழுவை அவர் கலைக்கவில்லை. கடைசி வரைக்கும் அதே தம்பி, அதே நண்பர்கள், அதே மேடை.

நாடகத்துக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அவர்கள் நாடகம் போட்ட சென்னை சபாக்களுக்கு நாம் எங்கே போனோம்? நமக்கு அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது தொலைக்காட்சி வழியாக. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நம் பக்கம் டிவி பெட்டி வந்தது எண்பதுகளில்தான். வீதிக்கு ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கக் கூடுகிற கூட்டம், நாடகம் போடுகிற நாளிலும் கூடும். தறிச் சத்தத்திலேயே நாள் முழுக்க இருந்து காது மந்தமான பெரியவர்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, “என்னங்க சொன்னான், என்னங்க சொன்னான்?” என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். சபா நாடகம் என்கிற பட்டணத்துச் சரக்கு நெசவுக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வந்த காலம் அது. அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்கென்றே தொடர்களும் எழுதினார். எழுதியவரே நடிக்கவும் செய்தார்.

சினிமாவுக்கு அவரை அழைத்து வந்தவர் கே.பாலசந்தர். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ என்ற மோகனின் நாடகம்தான் 1983-ல் ‘பொய்க்கால் குதிரை’ படமாக வந்தது. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்துக்குக் கமலோடு சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த பட்டியல் உங்களுக்கே மனப்பாடம்: மைக்கேல் மதன காமராஜன், மகளிர் மட்டும், சதிலீலாவதி, அவ்வை சண்முகி, காதலா காதலா, தெனாலி, பம்மல் கே. சம்பந்தம், பஞ்சதந்திரம், வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.

இனி நான் தமிழ் வாத்தியாராகப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது. அதில் முதலில் வைத்தது அழுகையை அல்ல, வீரத்தை அல்ல, நகையை. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு, நான்கு இடங்களைக் காட்டுகிறது. ஒன்று எள்ளல், அதாவது அடுத்தவரை இகழ்ந்து சிரிப்பது. இரண்டு இளமை, குழந்தைத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பது. மூன்று பேதைமை, தெரியாத்தனத்தால் வருகிற சிரிப்பு. நான்கு மடன், சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பதால் வருகிற சிரிப்பு.

இந்த நான்கில் எள்ளல் மிகச் சுலபம். கறுப்பாக இருப்பவனை, குள்ளமாக இருப்பவனை, திக்கிப் பேசுபவனை வைத்துச் சிரிப்பு வரவழைக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. மற்ற மூன்றுக்கும்தான் உழைக்க வேண்டும். கிரேசி மோகன் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் விளைச்சல் எடுத்தார்.

மைக்கேல் மதன காமராஜனில் வருகிற சமையல்காரர் காமேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற அப்பாவி. கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்டால் அவன் படுகிற பாடு பேதைமையால் வருகிற சிரிப்பு. அவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், ஆனால் அவன் மேல் நமக்கு அன்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தெனாலியில் எதைக் கண்டாலும் பயப்படுகிற ஒருவன், ஈழத்துத் தமிழில் பேசுகிறான். அந்தப் பேச்சைச் சரியாக அமைக்க இலங்கை வானொலிப் புகழ் பி.எச்.அப்துல் ஹமீது துணை நின்றார். ஒரு மக்களின் பேச்சைக் கேலிப்பொருளாக்காமல் இருக்க அந்த அளவு கவனம் வேண்டியிருந்தது.

மடனுக்கு அவரிடம் உதாரணம் எண்ணி மாளாது. ஒருவர் ஒரு சொல்லை ஒரு பொருளில் சொல்வார், கேட்பவர் வேறு பொருளில் பிடித்துக்கொள்வார், இரண்டு பேரும் விடமாட்டார்கள். ‘முன்னாடி’ என்றால் நமக்கு முன் காலமும் உண்டு, முன் பக்கமும் உண்டு. ‘படி’ என்றால் புத்தகமும் உண்டு, வாசற்படியும் உண்டு, அரிசி அளக்கிற படியும் உண்டு. தமிழுக்குள்ளேயே கிடக்கிற இந்தக் கண்ணிகளைத் தேடி எடுத்து வசனத்தில் வைப்பார். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் பொருள் பொருந்தும்படி சிலேடை பாடினாரே காளமேகப் புலவர், அந்த வம்சம்தான் இதுவும். வகுப்பில் சிலேடை நடத்தும்போது கொட்டாவி விட்ட பையன்கள் எத்தனையோ பேர் தியேட்டரில் அதே சிலேடைக்கு விசில் அடித்திருக்கிறீர்கள். உங்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும்!

வசனத்தின் வேகத்தையும் கவனியுங்கள். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற கணக்கு ஒரு கணம் தப்பினாலும் தறி நின்றுவிடும். மோகனின் நாடகத்திலும் அப்படித்தான். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். கேட்டால் விளையாட்டுப் போல இருக்கும். மெக்கானிக்கல் இன்ஜினீயர் போட்ட கணக்கு அது. சிரிப்பு எழுதுவதும் எட்டு மணி நேர ஷிப்ட் போல வேலைதான் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

நம் ஊருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1995 பொங்கலுக்கு வந்த ‘சதிலீலாவதி’. பாலுமகேந்திரா இயக்கம், கிரேசி மோகன் வசனம். அதில் கமல் நம் கோயமுத்தூர்க்காரர், எலும்பு டாக்டர் சக்திவேல். மனைவி பழனியாகக் கோவை சரளா. ஏனுங், வாங், போங் என்று நம் பேச்சை அப்படியே பேசினார்கள். சினிமாவில் வட்டாரத் தமிழ் பேசினால் அவர் பெரும்பாலும் பண்ணையாளாகவோ வேலைக்காரராகவோ இருப்பார். இங்கே படித்த டாக்டர் பேசினார். சிரிப்பு வந்தது அவர் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்து. கொங்குத் தமிழைப் பார்த்து அல்ல. பட்டணத்துக்குக் கல்லூரிக்குப் போய், பேச்சில் ‘ங்க’ வந்துவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் படம் எத்தனை தெம்பு கொடுத்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அதே படத்தில் உடல் பருமனை வைத்து வருகிற சில இடங்கள் இன்றைக்கு நெருடும். பஞ்சதந்திரத்தில் இரட்டை அர்த்தம் எல்லையில் போய் நிற்கிற இடங்கள் உண்டு. ஆனால் அவருடைய மேடை நாடகங்கள் தாத்தா முதல் பேத்தி வரைக்கும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறபடிதான் இருந்தன. ‘சாக்லேட் கிருஷ்ணா’ நூற்றுக்கணக்கான முறை மேடை ஏறியது.

இன்னொரு முகமும் அவருக்கு உண்டு. வெண்பா எழுதுவார். ஓவியர் கேசவ் வரைந்த கிருஷ்ணர் படங்களுக்கு வெண்பா எழுதித் தந்தார். தளை தட்டாமல் வெண்பா எழுதுவது எவ்வளவு சிரமம் என்று என்னிடம் யாப்பிலக்கணம் படித்தவர்களைக் கேளுங்கள். தமிழைத் திருப்பித் திருப்பிப் போட்டு விளையாட முடிந்தது, அதன் கட்டு தெரிந்ததால்தான்.

இப்போது ஜானகி டீச்சருக்கு வருகிறேன்.

அபூர்வ சகோதரர்களில் கௌதமி பெயர் என்ன? ஜானகி. அவ்வை சண்முகியில் மீனா? ஜானகி. தெனாலியில் ஜோதிகா? ஜானகி. பம்மல் கே. சம்பந்தத்தில் சிம்ரன்? ஜானகி. வசூல்ராஜாவில் டாக்டராக வருகிற சினேகா? ஜானகி. இந்தியில் வந்த மூலப் படத்தில் அந்த டாக்டருக்கு வேறு பெயர். தமிழுக்கு வரும்போது ஜானகி ஆகிவிட்டார்.

தன்னை முதன்முதலில் மேடை ஏற்றிய டீச்சருக்கு நன்றியாக அந்தப் பெயரை வைப்பதாக மோகனே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். வாத்தியாருக்குச் சால்வை போர்த்தலாம், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தரலாம். எல்லாம் நல்லதுதான். இவர் கொடுத்தது வேறு மாதிரி. தமிழ் பேசுகிற கோடிக்கணக்கான பேர் வாயில், யார் என்று தெரியாமலேயே, ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பெயரைப் புழங்கவிட்டார்.

‘அவ்வை சண்முகி’ என்ற தலைப்பிலும் இதே நன்றிதான் இருக்கிறது. ஔவையார் வேடத்தில் நடித்துப் பெயர் பெற்றவர் ‘அவ்வை’ டி.கே.சண்முகம். கமல் சிறுவனாக அவருடைய நாடகக் குழுவில் பயின்றவர். ஆக அந்த ஒரு படத்தில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தலைப்பில் ஒருவர், கதாநாயகி பெயரில் ஒருவர். மூன்று மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்த நமக்கு, நடுவில் ஒரு குருவணக்கம் நடந்ததே தெரியவில்லை.

என்னிடம் படித்து இன்றைக்கு ஆசிரியர்களாக இருக்கும் உங்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆண்டு விழா வந்தால் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்கே பேச்சுப் போட்டி, நாடகம், வரவேற்புரை எல்லாம் கொடுத்துவிடுகிற வழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் உண்டு. கடைசிப் பெஞ்சில் பக்கத்துப் பையனைக் குசுகுசுவென்று சிரிக்க வைத்துக்கொண்டு ஒருவன் இருப்பான். அவனைக் கூப்பிட்டு ஒரு வேஷம் கொடுங்கள். ராஜா வேஷம்கூட வேண்டாம், வாயிற்காவலன் போதும். கூடவே எள்ளலுக்கும் மற்ற மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிக் கொடுங்கள். வாய்த்துடுக்கு உள்ள பிள்ளை அடுத்தவர் மனதைக் கீறிப் பழகுவதும், அடுத்தவர் பாரத்தை இறக்கி வைக்கப் பழகுவதும் அந்த வயதில்தான் முடிவாகிறது.

பெற்றோராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிற நகைச்சுவையை எடுத்துப் பாருங்கள். மனைவியை, மருமகளை, நிறத்தை, சாதியை வைத்து வருவது எத்தனை? குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் சிரிப்பு என்றால் இது என்று கற்றுக்கொள்கிறார்கள். அனுப்பும் முன் ஒரு கேள்வி போதும்: இதில் யார் பெயர் வருகிறதோ, அவரும் சேர்ந்து சிரிப்பாரா?

கிரேசி மோகன் 2019 ஜூன் 10-ம் தேதி மாரடைப்பில் காலமானார். வயது 66. அதே நாளில்தான் கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாடும் மறைந்தார். ஒருவர் வரலாற்றையும் புராணத்தையும் எடுத்து மனிதனைக் கேள்வி கேட்டவர். இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் நடக்கிற குழப்பத்தை எடுத்து மனிதனைச் சிரிக்க வைத்தவர். இரண்டு மேடைகளும் ஒரே நாளில் இருண்டன.

அண்ணன் போன பிறகும் மாது பாலாஜி அந்த நாடகங்களை மேடையேற்றி வருகிறார். கோவைக்கு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். செல்போனை அணைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரோடு சேர்ந்து சிரிக்கிற பழக்கம் அவர்களுக்கும் வரட்டும்.

உங்களை முதன்முதலில் மேடை ஏற்றிய ஆசிரியர் யார்? கீழே அவர் பெயரை மட்டும் எழுதுங்கள், போதும். உயிரோடு இருந்தால் இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.