அக்கா வீட்டு டிவியும் மஞ்சள் வயரும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் என் பெரியக்கா வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. "தம்பி, ஆபரேஷன் சரியில்லடா. டிவியில கீழ ஓடுற எழுத்து ஒண்ணும் தெரியல. ஆளுங்க மூஞ்செல்லாம் சேறு பூசுன மாதிரி இருக்கு" என்று வந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. கண் டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அக்கா நம்பவில்லை. டாக்டர் தன் தப்பை மறைக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

எனக்கும் அந்தப் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. 43 அங்குல டிவி. பெங்களூரில் இருக்கும் மருமகப்பிள்ளை வாங்கி மாட்டி, எச்.டி. இணைப்புக்கு நான்கு வருடமாக மாதாமாதம் கூடுதல் பணமும் கட்டிவருகிறான். டிவியின் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை கொண்ட பழைய வயர். மாட்டிய ஆள் கையில் இருந்ததைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மஞ்சள் முனை வழியாக எச்.டி. படம் வரவே வராது. நான்கு வருடமாகப் பணம் கட்டிப் பழைய படத்தைப் பெரிய திரையில் பார்த்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அக்காவுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், நமக்கு அசையாமல் நிற்பது போலத் தெரியும். பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சு தூங்கும், நினைவிருக்கிறதா? அங்கிருந்து உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945 அக்டோபரில் ஒரு வானொலிப் பத்திரிகையில் எழுதினார். பிற்பாடு அவர் கொழும்பில் குடியேறினார். 1975இல் நம் இஸ்ரோ பொறியாளர்களே போய் அவர் வீட்டில் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். யோசனை சொன்னவருக்கு முப்பது வருடம் கழித்து அது வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அந்த 1975தான் நமக்கு முக்கியமான வருடம். நாசாவின் ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்குக் கடன் வாங்கினோம். ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி நிகழ்ச்சி போனது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆந்திராவும் கர்நாடகமும் இருந்தன. டிஷ் எப்படி இருந்தது தெரியுமா? மூன்று மீட்டர் அகலம், கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை! வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அதில் நல்ல பௌதிகம் இருக்கிறது. அந்த அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதைவிட மிகச் சிறியது. ஆகவே அலைக்கு அந்த வலை வழவழப்பான சுவர்தான். மின்சாரம் இல்லாத ஊர்களில் பேட்டரி வைத்து ஓட்டினார்கள். ஒரு வருடம் முடிந்ததும் அமெரிக்கர்கள் கோளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம் பக்கத்தில் அதே ஆகஸ்ட் 15இல் சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது. 1982க்குப் பிறகு கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றடித்தால் மாடிக்கு ஓடிக் கம்பத்தைத் திருப்பியவர்களில் பாதிப்பேர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

எச்.டி. பிறந்தது ஜப்பானில். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு என்.எச்.கே. ஆராய்ச்சியாளர்கள் அடுத்த தலைமுறை டிவி எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். படத்தை 1,125 கோடுகளாகப் பிரித்தார்கள். நம் ஊர் டிவிக்கு 625 கோடுதான். அவ்வளவு விவரம் ஒரு செயற்கைக்கோள் சேனலுக்குள் அடங்காது. அதற்காக மியூஸ் என்று ஒரு சுருக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1989இல் தினம் ஒரு மணி நேரம், 1991 நவம்பர் 25 முதல் தினம் எட்டு மணி நேரம் ஒளிபரப்பினார்கள். 1,125 கோடு என்பதால் 11ஆம் மாதம் 25ஆம் தேதி! அந்த நாளைப் பார்க்க ஜப்பானியருக்குத் தேவைப்பட்டவை டிஷ், மியூஸ் சிக்னலை விரிக்கும் பெட்டி, அப்புறம் ஒரு காரின் விலையில் ஒரு டிவி. வேகமாக ஓடும் காட்சிகளில் படம் கலங்கவும் செய்தது.

இதற்குள் 1990இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற அமெரிக்க நிறுவனம், படத்தை முழுக்க எண்களாக மாற்றிச் சுருக்கிவிடலாம் என்று அறிவித்தது. செயற்கைக்கோள் சேனல்களுக்குப் பூட்டுப் போடும் தொழில் செய்தவர்கள் அவர்கள். கால் நூற்றாண்டு உழைத்து ஜப்பானியர் கட்டியதை டிஜிட்டல் ஓரம்கட்டியது. 2007இல் அந்தப் பழைய எச்.டி. ஒளிபரப்பு ஜப்பானிலேயே நின்றுபோனது. முதலில் ஓடியவர்கள் தோற்றார்கள் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய திரை, 16:9 அகலம், கேமரா எல்லாம் அவர்கள் போட்ட பாதையில்தான் பிறகு வந்தன.

நம் நாட்டில் வேறொரு நாடகம். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு மொட்டை மாடிகளில் பத்தடி, பன்னிரண்டடி டிஷ்கள் முளைத்தன. அவை சி-பேண்டு, 4,000 மெகாஹெர்ட்ஸை ஒட்டியவை. கேபிள்காரர் ஒருவர் வைத்துத் தெருவுக்கே வயர் இழுப்பார். கு-பேண்டு என்பது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிர்வெண். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதனால் இரண்டடி டிஷ்ஷே போதும், வீட்டுக்கு வீடு வைக்கலாம். அரசாங்கம் பயந்தது அதற்குத்தான். 1997 ஜூலையில் ஓர் அறிவிக்கை போட்டு, 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் டிடிஎச் சேவைக்கான கருவியையே தடை செய்தார்கள். அக்கா வீட்டு மாடியில் இருக்கும் அந்தச் சின்னக் கிண்ணம் அன்று சட்டவிரோதம்! 2000 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. 2003இல் முதல் தனியார் சேவையும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவசச் சேவையும் வந்தன.

எச்.டி. பரவலாக வந்தது 2010இல், டெல்லி காமன்வெல்த் போட்டிகளின் சமயம். அதே வருடம் ஜூலையில் இன்சாட்-4பி கோளில் மின்சக்திக் கோளாறு ஏற்பட்டு அதன் பாதி ட்ரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த ஒரு டிடிஎச் சேவை இரண்டு டிகிரி தள்ளி நின்ற மலேசியக் கோளுக்கு மாறியது. இரண்டு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். இந்த அளவு டிஷ்ஷுக்கு அது போதும், சிக்னல் கைநழுவிவிடும்.

இப்போது அக்கா வீட்டுக்கு வருவோம். டிஷ் பொறுக்கும் அலையை, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. வாங்கிப் பெருக்குகிறது. பன்னிரண்டாயிரம் மெகாஹெர்ட்ஸ் அலை சாதாரண வயரில் சில அடி போவதற்குள் செத்துவிடும். அதனால் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸுக்குள் அதை இறக்கி அனுப்புகிறது. அதே வயர் வழியாக செட்டாப் பாக்ஸ் மேலே மின்சாரம் அனுப்புகிறது: 13 வோல்ட் என்றால் ஒரு தளம், 18 வோல்ட் என்றால் இன்னொரு தளம். ஒரே வயரில் சிக்னல் இறங்குகிறது, கட்டளை ஏறுகிறது. இதை யோசித்தவருக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன். கீழே பாக்ஸ் பூட்டைத் திறந்து, சுருக்கத்தை விரித்துப் படமாக்குகிறது. பாக்ஸும் எச்.டி. பாக்ஸாக இருக்க வேண்டும். பழைய பாக்ஸுக்கு எச்.டி. சந்தா கட்டினால் பிரயோஜனமில்லை.

அக்கா வீட்டில் டிஷ் சரி, எல்.என்.பி. சரி, பாக்ஸ் சரி, டிவியும் சரி. கடைசி மூன்றடிதான் தப்பு. சாதாரணப் படத்தில் 720 பெருக்கல் 576 புள்ளிகள், எச்.டி.யில் 1,920 பெருக்கல் 1,080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு வரும். பாக்ஸ் வரைக்கும் வந்த ஐந்து பங்கில் நான்கை அந்த மஞ்சள் வயர் வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2002 டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. என்ற கேபிள், படத்தையும் ஒலியையும் எண்களாகவே கொண்டுபோகும். கடைவீதியில் சாதாரண கேபிள் வாங்கினேன். தங்கமுலாம் பூசியது என்று பத்து மடங்கு விலை சொன்ன கடைக்காரரிடம், மூன்றடி தூரத்துக்கு இதுவே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாட்டி, ரிமோட்டில் எச்.டி.எம்.ஐ.யைத் தேர்ந்தெடுத்து, பாக்ஸில் 1080 என்று வைத்தேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியில் இருந்தபடியே கீழே ஓடிய எழுத்தை வாய்விட்டுப் படித்தது. இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தி, "அப்போ அந்த டாக்டர் தம்பி மேல தப்பு இல்ல" என்றது. மறுநாள் காலையில் என்னிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து, கண் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னது. கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா டிவியின் பின்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பார்க்கும் சேனல் எண்ணையும் கவனியுங்கள். ஒரே சேனலின் எச்.டி.க்குத் தனி எண் இருக்கும், பெரியவர்கள் பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்துவார்கள். அக்காவுக்குப் புது எண்களை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ரிமோட்டோடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.