ஸர் பெனகல் நரசிங்க ராவும் உயிருரிமை வாசகமும்

சட்டம் என்று ஒன்று முறைப்படி இயற்றப்பட்டுவிட்டால், அது நீதியாகவும் இருத்தல் வேண்டுமா என்னும் வினா, நாங்குநேரிப் பகுதியாருக்கு ஏட்டு வினா அன்று. குற்றபரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. நம் திருநெல்வேலி ஜில்லாவில் மறவர் முதலாய வகுப்பினர் மீது அது ஏவப்பட்டது. குற்றம் யாதும் புரியாதவனும், பிறந்த குடியின் பொருட்டுப் பெயர் பதியப்பட்டுக் கைரேகை வைக்க வேண்டியவனானான். ஜனங்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். இவ்வகுப்பார் குற்றபரம்பரையினர் என்று சர்க்கார் விளம்பரம் செய்தபின், அவ்விளம்பரம் செல்லுமா என்று கோர்ட்டார் விசாரித்தலையும் அச்சட்டமே தடுத்தது. முறையில் குறைவில்லை, கவுன்ஸிலில் நிறைவேறிய சட்டமே. 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் இந்தியா முழுமையிலும் அது ஒழிந்தது.

இதனை உளங்கொண்டு, நம் அரசியல் சாஸனத்தின் முதல் வரைவை எழுதிய ஸர் பெனகல் நரசிங்க ராவ் அவர்களின் கருத்தை ஆராய்வாம். அன்னார் 1887-இல் மங்களூரில் பிறந்து, சென்னை இராஜதானிக் கலாசாலையிலும், பின் கேம்பிரிட்ஜிலும் கற்று, ஐ.ஸி.எஸ். உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதியாக உயர்ந்தவர். சிந்து நதி நீரைப் பற்றிப் பஞ்சாபும் சிந்து மாகாணமும் வழக்கிட்டபொழுது, விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்து 1942-இல் அறிக்கை தந்தார். மேல்மடையான் தன் மனம்போல் நீரை அடைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் ஒப்பவில்லை. நதி முழுவதையும் ஒன்றாகக் கருதி, நியாயமாகப் பங்கிடல் வேண்டும் என்றார். கடைமடையில் காத்திருந்து பழகிய நம்மவர்க்கு இதன் அருமை கூறவேண்டுவதில்லை. ஹிந்துச் சட்டக் கமிட்டியின் தலைவராகவும் இருந்து, பெண்மக்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று சிபார்சு செய்தார். அக்கமிட்டியில் சென்னை ஸ்ரீ டி. ஆர். வேங்கடராம சாஸ்திரியார் ஓர் அங்கத்தினர்.

1946-இல் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகரானார். 1947 அக்டோபரில் முடிந்த அவரது வரைவில், உயிரையும் சுதந்தரத்தையும் ‘உரிய சட்ட நெறி’யின்றிப் பறித்தலாகாது என்னும் அமெரிக்க வாசகமே இருந்தது. பின்னர் அமெரிக்கா, கானடா, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய தேசங்களுக்குச் சென்றார். அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பிராங்க்பர்ட்டர், அவ்வாசகம் சில நீதிபதிகள் கையில் ஜனப்பிரதிநிதிகளின் சட்டத்தைத் தள்ளும் அதிகாரத்தைத் தருவது, ஜனநாயகத்திற்கு ஒவ்வாதது என்று அவருக்குரைத்தார். குடிவாரச் சட்டமும் நிலச் சீர்திருத்தமும் கோர்ட்டில் மடிந்துபோமோ என்னும் அச்சம் ராவுக்கும் இருந்தது. நீதிபதியாய் இருந்தவரே நீதிபதிகளின் அதிகாரத்தைக் குறுக்க நினைத்தது வியப்பே. எனினும் அஃது ஏழைக் குடியானவனை எண்ணிப் பிறந்த நினைவென்பதை மறுத்தற்கில்லை. வரைவுக் கமிட்டியார் அவ்வாசகத்தை நீக்கி, ஜப்பானிய சாஸனத்தை ஒட்டி, ‘சட்டம் வகுத்த முறைப்படியன்றி’ என்று மாற்றினர். அதுவே 21-ஆம் ஷரத்து.

இம்மாற்றம் சபையில் பலருக்கு உவப்பாயில்லை. டாக்டர் அம்பேத்கர் 1949 செப்டம்பரில், கைதானவனுக்குக் காரணம் கூறுதல், வக்கீலை அமர்த்தல், 24 மணி நேரத்துள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தல் ஆகிய காப்புக்களைத் தனி ஷரத்தாகச் சேர்ப்பித்தார். ஆனால் விசாரணையின்றிக் காவலில் வைத்தற்கும் அதே ஷரத்து இடந்தந்தது! 1950-இல், சென்னைச் சர்க்கார் காவலில் வைத்த ஏ. கே. கோபாலன் ஸுப்ரீம் கோர்ட்டில் வழக்காடினார். சட்டசபை இயற்றிய முறை பின்பற்றப்பட்டதா என்பதையே பார்க்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்; பஸல் அலி அவர்கள் மாத்திரம் மாறுபட்டார். ரேகைச் சட்டத்தில் வருந்தினோர் இத்தீர்ப்பை எத்தகைய மனத்தோடு படித்திருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். சட்டசபை தவறாது என்னும் ராவின் நம்பிக்கை, என் கருத்தில், சற்று மிகையே.

அவ்வாண்டு ராவ் ஐக்கிய நாட்டு சபையில் நம் பிரதிநிதி. கொரியா யுத்தம் மூண்ட ஜூன் மாதத்தில் பாதுகாப்புக் கவுன்ஸிலின் தலைமை அவரிடமே இருந்தது. 1952-இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து, மறுவருஷம் நவம்பரில் காலமானார்.

1978-இல் மேனகா காந்தி வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டார் அந்த 21-ஆம் ஷரத்துக்கே வேறு பொருள் கண்டனர்: சட்டம் வகுக்கும் முறை நேர்மையும் நியாயமும் உடையதாயிருத்தல் வேண்டும், மனம்போன முறை முறையாகாது. வாசகம் மாறவில்லை, ராவ் பயணத்திற்கு முன் எழுதி வைத்திருந்த பொருளே 31 ஆண்டு கழித்து அதனுள் வந்து புகுந்தது.