கிருத்தியை: ஏவியவனைத் தேடி வரும் பூதம்

கிருத்தியை என்பது இந்தியப் புராணங்களிலும் காவியங்களிலும் எதிரியை அழிப்பதற்காக மந்திரத்தால் தோற்றுவிக்கப்படும் பூதம் ஆகும். பெரும்பாலும் இது வேள்வித் தீயிலிருந்து எழுகிறது. இதனை எழுப்பும் சடங்கு அபிசாரம் அல்லது ஆபிசார வேள்வி எனப்படும். கதைகளில் வரும் பிற பேய்களிலிருந்து கிருத்தியை வேறுபட்டது. பேய் என்றால் இறந்துபோன ஒருவரின் ஆவி. அதற்கு ஒரு பழைய வாழ்வும் தீராத குறையும் உண்டு. கிருத்தியைக்கு முன்கதை எதுவும் இல்லை. ஒரு வேலைக்காகவே பிறக்கிறது, அந்த வேலையோடு முடிந்துபோகிறது.

பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. வடமொழியில் 'க்ரு' என்ற வேர்ச்சொல்லுக்குச் 'செய்' என்று பொருள். கிருத்தியை என்றால் செய்யப்பட்டது. தமிழில் இதே பொருளில் 'செய்வினை' என்ற சொல் வழங்குகிறது. இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினைக்கு எதிராக வைத்துப் படிக்கும் அதே சொல்தான் ஊர்ப்புறத்தில் சூனியத்தையும் குறிக்கிறது. 'ஏவல்' என்பதும் ஏவுதலிலிருந்து வந்தது. எல்லாச் சொற்களும் செய்தவனையும் ஏவியவனையுமே சுட்டுகின்றன. பூதத்துக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இல்லை.

தொடக்கத்தில் கிருத்தியை ஒரு பூதமாகவும் இருக்கவில்லை. அதர்வண வேதத்தில் அது கையால் செய்த ஒரு பொருள். தலை, மூக்கு, காது வைத்து, மணப்பெண்ணைப் போல அலங்கரித்த பாவையாக அது பத்தாம் காண்டத்தின் முதல் பாடலில் காட்டப்படுகிறது. சுடாத மண்பாண்டத்திலும் பச்சை இறைச்சியிலும் கிணற்றிலும் சுடுகாட்டிலும் வைக்கப்பட்ட கிருத்தியைகளை ஐந்தாம் காண்டம் பட்டியலிடுகிறது. கவனிக்க வேண்டியது, இப்பாடல்களின் நோக்கம் கிருத்தியையை அனுப்புவதன்று, திருப்பி அனுப்புவது. அரசன் செய்ததானாலும் அந்தணன் செய்ததானாலும் சூத்திரன் செய்ததானாலும் பெண் செய்ததானாலும், கணவனால் விரட்டப்பட்ட மனைவி பிறந்த வீட்டுக்குப் போவதுபோல நீ உன்னைச் செய்தவரிடமே போ என்கிறது பாடல். உவமையில் அக்காலப் பெண்ணின் நிலையும் தெரிந்துவிடுகிறது.

சட்டமும் இதே வழியில் சென்றது. கிருத்தியையாலும் அபிசாரத்தாலும் ஒருவன் பிறருக்கு எந்தத் தீங்கை விளைவிக்கிறானோ அதே தீங்கை அவனுக்கு விளைவிக்க வேண்டும் என்று கௌடலீயரின் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. மனுநூல் 200 பணம் அபராதத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

புராணங்களுக்கு வரும்போது பாவைக்கு உயிர் வந்துவிடுகிறது. பாகவதத்தில் துர்வாசர் தம் சடையைப் பிடுங்கி எறிந்து அம்பரீசன் மீது கிருத்தியையை ஏவுகிறார். திருமாலின் சக்கரம் அதை எரித்துவிட்டுத் துர்வாசரைத் துரத்துகிறது. விஷ்ணு புராணத்தில் இரணியனின் புரோகிதர்கள் பிரகலாதன் மீது ஏவுகிறார்கள். அதன் சூலம் சிறுவனின் மார்பில் பட்டு நொறுங்க, அது திரும்பிப் புரோகிதர்களையே கொல்கிறது. பிரகலாதன் வேண்டி அவர்களைப் பிழைக்க வைக்கிறான். காசியரசன் மகன் கண்ணன் மீது ஏவிய கிருத்தியையோ துவாரகையிலிருந்து ஓடிவந்து காசிக்குள் புகுகிறது. பின்தொடர்ந்த சக்கரத்தால் நகரமே எரிகிறது. ஊர் மக்கள் செய்த குற்றம் என்ன என்று புராணம் கேட்கவில்லை.

இவற்றில் தனித்து நிற்பது மகாபாரத வனபருவக் காட்சி. உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்த துரியோதனனை அழைத்துவர அசுரர்கள் ஒரு கிருத்தியையை எழுப்புகிறார்கள். அது வாயைப் பிளந்தபடி எழுந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. அவனைத் தூக்கிவரச் சொன்னார்கள், தூக்கி வந்தது; திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள், விட்டது. ஒரு கீறல்கூட இல்லை. கொடுமை கிருத்தியையின் இயல்பன்று, கட்டளையின் இயல்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழில் இக்கருத்தை மிகத் துணிவாகக் கையாண்டவர் வில்லிபுத்தூரார். வியாச பாரதத்தில் நச்சுப் பொய்கைக் கதை தருமனை அறக்கடவுள் சோதிக்கும் கதை மட்டுமே. அங்கே அபிசாரம் இல்லை. வில்லிபாரதத்தில் துரியோதனன் காளமாமுனிவரை வேண்டிக்கொள்ள, முனிவர் விருப்பமில்லாமலே வேள்வி செய்து பூதத்தை எழுப்புகிறார். அது பாண்டவரைத் தேடிக் காட்டுக்கு வருகிறது. அதற்குள் அறக்கடவுள் மானாக வந்து அவர்களை அலைக்கழித்துப் பொய்கைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பாண்டவர் விழுந்து கிடப்பதைக் கண்ட பூதம் அவர்கள் இறந்துவிட்டதாக எண்ணுகிறது. செத்தவர்களைக் கொல்லவா என்னை அனுப்பினாய் என்று சினந்து திரும்பிச் சென்று முனிவரையே கொன்றுவிடுகிறது.

இந்த மாற்றத்தால் கதையின் பொருளே திரும்பிவிடுகிறது. சோதனையாக இருந்த நஞ்சு காப்பாக ஆகிறது. பூதத்தைத் தடுக்கச் சக்கரமும் வரவில்லை. எழுப்பிய ஆற்றல் எங்காவது இறங்கியாக வேண்டும், இலக்கு இல்லாதபோது எழுப்பியவரிடமே இறங்குகிறது. ஆனால் இதில் ஓர் உறுத்தலும் உண்டு. செத்தவர் முனிவர், வேண்டிய துரியோதனன் அரண்மனையில் நலமாக இருக்கிறான். பூதத்துக்குத் தன்னை எழுப்பிய கை தெரிகிறது, கையை அசைத்த வாய் தெரிவதில்லை.

மேலைநாட்டு மிகுபுனைவிலும் இதற்கு நிகர் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட முதல் எர்த்சீ நாவலில், கெட் என்ற மாணவன் செருக்கினால் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். பிளவின் வழியே ஒரு நிழல் வெளிவருகிறது. பிளவை மூடிய மூத்த மந்திரவாதி உயிரிழக்கிறார், நிழல் கெட்டை வேட்டையாடுகிறது. இறுதியில் கெட் அதற்குத் தன் பெயரையே இட்டு அழைக்கிறான். கிருத்தியை செய்தவனிடம் திரும்புகிறது. இந்த நிழலோ செய்தவனே.

அபிசாரக் கதைகளுக்கு வரலாற்றில் இன்னொரு பயனும் இருந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சமணர்கள் ஆபிசார வேள்வி செய்து பாண்டியன் மீது யானை, நாகம், பசு ஆகியவற்றை ஏவுகிறார்கள். மூன்றும் வீழ்ந்து மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்பது கதை. எறும்புக்கும் தீங்கு நினையாமையை நோன்பாகக் கொண்ட துறவிகள் மீது கொலை வேள்வியைச் சுமத்துவது சமயப் பூசலின் வேலை. சமணர் தரப்புக் கதை என்னவென்று அந்த நூலில் தேட முடியாது. ஆனைமலைக்கே போக வேண்டும். அங்கே குகைத்தளத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டும், பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், அம்பிகை முதலியோரின் புடைப்புச் சிற்பங்களும் இன்றும் உள்ளன.