போகாத ஊருக்குப் படம் போட்டவர்கள்

பழங்கால எண்ணெய் ஓவியம் என்றால் நம் பக்கத்தில் ரவி வர்மாவோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்கெல்லாம் ஒரு நூற்றைம்பது வருஷம் முன்னால் லண்டனில் வரையப்பட்ட ஆறு ஓவியங்களைப் பற்றி இன்றைக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். "பழைய மெட்ராஸ்" என்று மின்னஞ்சலில் சுற்றிச் சுற்றி வரும் படங்களில் ஒன்று இந்த ஆறில் ஒன்றுதான். ஆனால் அதை வரைந்த இரண்டு பேருமே மெட்ராஸைப் பார்த்தது கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1720களின் கடைசியில் லண்டன் லெடன்ஹால் தெருவில் தன் தலைமை அலுவலகத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டது. இயக்குநர்கள் கூடிப் பேசும் அறைச் சுவர்களில் எதை மாட்டுவது? சாமி படமா, ராஜா படமா? வியாபாரிகள் ஆயிற்றே, தங்கள் சொத்தையே மாட்டினார்கள். மெட்ராஸ் புனித ஜார்ஜ் கோட்டை, கல்கத்தா வில்லியம் கோட்டை, பம்பாய், தலச்சேரி, செயின்ட் ஹெலினா தீவு, நன்னம்பிக்கை முனை என்று ஆறு ஊர்கள். இதில் நன்னம்பிக்கை முனை அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஆனால் இந்தியா போகிற கப்பல் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள அங்கே நின்றாக வேண்டும். ஆக, அந்த ஆறு படமும் சேர்ந்தால் கம்பெனியின் வியாபாரப் பாதை.

வரைந்தவர்கள் இருவர். நிலத்தையும் கட்டடங்களையும் ஜார்ஜ் லாம்பர்ட், கடலையும் கப்பல்களையும் சாமுவேல் ஸ்காட். ஒரே துணியில் இரண்டு கைகள். லாம்பர்ட் நாடகக் கொட்டகைகளுக்குப் பின்திரை எழுதிப் பிழைத்தவர், கோவென்ட் கார்டன் அரங்குக்கு ஆஸ்தானத் திரை ஓவியர். நம் ஊர் ஸ்பெஷல் நாடகங்களில் தர்பார் சீன், காட்டு சீன் என்று படுதா இறக்குவார்களே, அந்தத் தொழில். ஸ்காட் தேம்ஸ் நதிக்கரைக்காரர். கப்பலின் பாய் எந்தக் காற்றுக்கு எப்படி உப்பும் என்பது அவருக்கு அத்துப்படி. 1732ல் ஆறு படத்துக்கும் சேர்த்துக் கம்பெனி கொடுத்த கூலி 94 பவுண்டு 10 ஷில்லிங். படத்துக்கு 15 கினி. ஒரு கினிக்கு 21 ஷில்லிங், பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். கம்பெனிக்காரன் கணக்கில் என்றைக்கு விட்டிருக்கிறான்!

இரண்டு பேரும் இந்தியா வரவே இல்லை. போய்வந்தவர்கள் கொடுத்த கோட்டுப்படங்களை வைத்துத்தான் கட்டடங்களை வரைந்திருக்க முடியும். அதனால் கப்பல்கள் அச்சு அசலாக இருக்கும், கயிறுகூட எண்ணலாம். வானமும் மரமும் மட்டும் கொஞ்சம் இங்கிலாந்து வாசனை அடிக்கும்.

அப்படியானால் இவை பொய்ப் படங்களா? இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. நான் வேலை பார்க்கும் இடம் டல்ஹௌசி சதுக்கத்துக்குப் பக்கம். மத்தியானம் மண்குவளையில் டீ குடிக்கப் போகும் தெருவில்தான் அந்தப் பழைய வில்லியம் கோட்டை இருந்தது. இன்றைக்குக் குதிரைப் பந்தய மைதானத்துப் பக்கம் ராணுவத்தின் கையில் இருப்பது பிளாசிக்குப் பிறகு கட்டிய புதுக்கோட்டை. பழையதை 1756ல் சிராஜ் உத் தௌலா பிடித்தார். பிறகு அது சுங்கச் சாவடியாகி, 19ஆம் நூற்றாண்டில் இடிபட்டு, அந்த நிலத்தில் ஒரு பகுதியில் 1868ல் பெரிய தபால் ஆபீஸ் வந்தது. லாம்பர்ட்டும் ஸ்காட்டும் வரைந்த படத்தில் கோட்டைச் சுவரடியில் நதி ஓடுகிறது. இப்போது தபால் ஆபீஸிலிருந்து ஸ்ட்ராண்ட் ரோட்டையும் சர்குலர் ரயில் தண்டவாளத்தையும் தாண்டினால்தான் ஹூக்ளி கண்ணில் படும். யாரும் பொய் சொல்லவில்லை. நதி ஓரத்தைத் தூர்த்துத்தான் அந்தச் சாலையே போட்டார்கள். வராதவர் வரைந்த படம் அதைச் சரியாகச் சொல்லிவிட்டது.

இன்னொன்று. அந்தப் படத்தில் கோட்டைக்குப் பின்னால் செயின்ட் ஆன் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் தெரியும். 1736ல் இந்த ஓவியங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தார் ஜெரார்ட் வாண்டர்குக்ட். அடுத்த வருஷம், 1737 அக்டோபர் புயலில் நிஜக் கோபுரம் விழுந்துவிட்டது. லண்டனில் அச்சுப்படம் வாங்கியவர் வீட்டுச் சுவரில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. பழைய படம் சேகரிப்பவர்களுக்கு இது பாலபாடம்: அச்சிட்ட வருஷம் வேறு, படத்தில் இருக்கும் வருஷம் வேறு.

மெட்ராஸ் படத்துக்கும் இதே கதைதான். அதில் இருப்பது 1746க்கு முந்தைய கோட்டை. அந்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். 1749ல் திரும்பக் கிடைத்தபிறகு ஆங்கிலேயர்கள் கோட்டையை ஏறக்குறைய புதிதாகவே பலப்படுத்தினார்கள். கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் வியாபாரிகளும் வாழ்ந்த பழைய கருப்பர் பட்டணம் தரைமட்டமானது. இன்று அந்த இடத்தில் உயர்நீதிமன்றம். இயக்குநர்கள் பார்க்க ஆசைப்பட்டது கோட்டையையும் கப்பலையும். அந்தக் கப்பல் நிறையத் துணி நெய்து கொடுத்தவன் வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் இந்தப் படம் வாய் திறக்காது.

1858ல் கம்பெனி ஆட்சி போயிற்று. 1861ல் லெடன்ஹால் தெருக் கட்டடத்தை இடித்தார்கள். ஆறு படங்களும் இந்தியா ஆபீஸ் வழியாக இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

நேரில் வந்து வரைந்தவர்கள் வருவதற்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. முதலில் வில்லியம் ஹாட்ஜஸ், 1780ல் மெட்ராஸில் வந்து இறங்கினார். பிறகு தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1786ல் கல்கத்தா வந்தார்கள். வில்லியமுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. சித்தப்பாவும் பையனும் கார்வால் மலை வரை போனார்கள். திரும்பி வந்து, செலவுக்குப் பணம் இல்லாமல், 150 எண்ணெய் ஓவியங்களைக் கல்கத்தாவில் லாட்டரியில் விட்டார்கள். அந்தக் காசில்தான் 1792ல் தெற்குப் பயணம். தஞ்சாவூர் நந்தி, திருச்சி மலைக்கோட்டை, பாபநாசம் அருவி எல்லாம் அதில் வந்தவை. திருநெல்வேலிக்காரனான எனக்கு அந்த அருவிப் படத்தின் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு, மறைப்பானேன். திரும்ப மெட்ராஸில் இன்னொரு லாட்டரி, 68 ஓவியங்கள். சீட்டு விழுந்த துரைமார்கள் ஊருக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிச் சிதறியவைதான் அவ்வப்போது லண்டன் ஏலங்களில் தலைகாட்டுபவை.

வாங்க ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய கடைகளில் "ஒரிஜினல் டேனியல்" என்று காட்டுவது பெரும்பாலும் 1795 முதல் 1808 வரை வந்த அவர்களுடைய 144 அச்சுப்படங்களில் ஒன்றாகவோ, அதன் பிற்கால நகலாகவோ இருக்கும். காகிதமா துணியா என்று முதலில் பாருங்கள். துணி என்றால் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சட்டம், ஆணி, பழைய சீட்டுகள் எல்லாம் முன்பக்கத்தைவிட அதிகம் பேசும். இன்னொன்று, நம் 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வயதான ஓவியம் தொல்பொருள். உள்ளே கொண்டு வரலாம், தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது.

காசு கொடுக்காமல் பார்க்க வேண்டுமென்றால் (நுழைவுச் சீட்டு தனி!) கல்கத்தா விக்டோரியா மெமோரியல் இருக்கிறது. டேனியல்களின் எண்ணெய் ஓவியங்கள் ஒரே இடத்தில் இவ்வளவு வேறெங்கும் கிடைக்காது. வருகிறவர்கள் பளிங்குக் கட்டடத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போங்கள். திங்கட்கிழமை மட்டும் காட்சிக்கூடம் விடுமுறை.