எமது கரையும் சம்பத்திரிசியார் கல்லூரியும்

யூபிலி மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது பங்கின் வரலாறு. கோவில் கட்டடத்தையும் கெபியையும் கொடிமரத்தையும் பற்றி வேறு கைகள் எழுதியுள்ளன. ஆகவே யாழ்ப்பாணப் பட்டினத்திலுள்ள ஒரு கல்லூரியைப் பற்றி நாம் எழுதத் துணிந்தோம். கடலோரப் பங்கொன்றின் மலரில் பட்டினத்துக் கல்லூரிக்கு என்ன அலுவல் என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களை ஒருமுறை பார்க்கட்டும். அப்பாவோ அம்மப்பாவோ பெரியண்ணனோ, யாராவது ஒருவர் அக்கல்லூரி முன்றலில் வரிசையாக நின்று படமெடுத்திருப்பார்.

கத்தோலிக்கர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்விக்குப் பிந்தி வந்தவர்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, காரணம் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் எமது கோவில்களும் அவற்றோடிருந்த பள்ளிகளும் அவர்கள் கைக்குப் போயின. எம் முன்னோர் மறைவாகச் செபித்து, 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்திறங்கிய யோசே வாஸ் அடிகளாரைப் போன்ற கோவைக் குருக்களின் கையால் இரவில் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று விசுவாசத்தைக் காத்தார்கள். கத்தோலிக்கருக்கிருந்த சட்டத் தடைகளை ஆங்கிலேயர் 1806இல் நீக்கியபோது விசுவாசம் இருந்தது, பள்ளிக்கூடம் இருக்கவில்லை. 1816இலே அமெரிக்க மிஷனரிமார் வந்து ஊரூராகப் பாடசாலை திறந்தனர். வெஸ்லியன் சபையாரும் சர்ச் மிஷன் சபையாரும் அவ்வாறே செய்தனர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். எமது பிள்ளைகளோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். மேற்றிராணியார் பெத்தாக்கினி ஆண்டகையின் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க ஆண்பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலை திறக்கப்பட்டது. பின்னர் ஆண்கள் செமினறி என்று வழங்கிய அதுவே 1881இல் அயர்லாந்தின் பாதுகாவலர் பெயரைத் தாங்கிச் சம்பத்திரிசியார் கல்லூரி ஆயிற்று. பெண்பிள்ளைகளை மறந்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம். செமேரியா ஆண்டகையின் அழைப்பை ஏற்று 1862இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் வந்தனர். அவர்களைப் பற்றித் தனியே ஒரு மலர் எழுதலாம்.

ஆனால் பாடசாலை திறப்பது ஒன்று, அதை நடத்துவது வேறொன்று. பணம் எங்கிருந்து வரும்? அரசின் பணம் அன்று மத்திய பாடசாலை ஆணைக்குழு என்ற ஒரு குழுவின் கையில் இருந்தது. எல்லாச் சபைக்கும் பொதுவான கிறிஸ்தவப் போதனை என்ற பெயரில் அது விரும்பியது புரட்டஸ்தாந்து போதனையையே. இவ்விடத்தில்தான் பொன்ஜீன் ஆண்டகையை நாம் நினைவுகூர வேண்டும். பிரான்சில் பிறந்து, கோயம்புத்தூர் மிஷனில் உழைத்துத் தமிழ் கற்று, பின் அமலமரித் தியாகியாகி யாழ்ப்பாணம் வந்தவர் அவர். இன்னும் மேற்றிராணியார் ஆகாத காலத்திலேயே, 1860இல், இலங்கையில் கத்தோலிக்கக் கல்வி பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தட்டும். நல்ல கல்வி கொடுக்கும் பள்ளி எதுவாயினும் அரசு சமயம் பாராமல் உதவட்டும் என்பதே அவர் வாதம். ஒரு தசாப்தம் கழித்து, மோகன் குழுவின் அறிக்கையை அடுத்து, உதவி நன்கொடை முறை வந்தது. அதனால் பயனடைந்தோர் கத்தோலிக்கர் மட்டுமன்று. சைவரும் பௌத்தரும் தங்கள் பாடசாலைகளை அந்த முறையின் கீழேயே வளர்த்தார்கள். எமக்கு உரிமை கேட்கப் புறப்பட்டவர் எல்லோருக்கும் வாங்கித் தந்தார் என்றால் மிகையாகாது.

இனி அக்கல்லூரியின் உள்வாழ்க்கைக்கு வருவோம். மன்னாரிலிருந்தும் தீவுப் பகுதியிலிருந்தும் முல்லைத்தீவுக் கரையிலிருந்தும் வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கினர். அதிகாலை மணி, பூசை, படிப்பு, காலை உணவு, வகுப்பு, விளையாட்டு, செபமாலை, மறுபடி படிப்பு, நித்திரை. மணிக்கு மணி வாழ்வது வீட்டில் பழகாத பிள்ளைக்கு முதல் மாதம் சிறைதான். இரண்டாம் மாதம் அதே பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, கஞ்சி ஏன் பிந்துகிறது என்று தாயைக் கேட்கும்! தலை வெள்ளிதோறும் பாவசங்கீர்த்தனம், ஆண்டுக்கொருமுறை தியானம், ஐப்பசியில் செபமாலை மாதம், மார்கழியில் நத்தார்ப் பாட்டு என்று திருச்சபையின் ஆண்டும் பாடசாலையின் ஆண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி 1920களில் இங்கே வந்து படித்த ஒரு மாணவர்தான் பிற்காலத்தில் தனிநாயகம் அடிகளார் ஆனார். 1952இல் 'தமிழ்க் கலாச்சாரம்' என்ற பொருள்படும் ஆங்கில ஏட்டைத் தொடங்கியவரும், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூட முன்னின்றவரும் அவரே. ஆங்கிலம் படிப்பித்த கல்லூரி தமிழுக்கு ஒரு தூதனை அனுப்பியது.

1930களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் அதிபராயிருந்தவர் அயர்லாந்துக்காரரான லோங் அடிகளார். கல்லூரி வளர்ந்தது அவர் காலத்தில் என்பதை எல்லோரும் சொல்வர். எமக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் மதிலுக்கு வெளியே செய்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பொது நூலகம் வேண்டும் என்று பட்டினத்துப் பெரியோர் கூடியபோது அவர்களோடு சேர்ந்து நின்று, நிதி திரட்டி, திட்டம் வகுப்பதில் தோள் கொடுத்தார். சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே மேசையிலிருந்து வாசிக்கும் அந்த வீடு 1959இல் திறக்கப்பட்டது. கலைமகளின் சிலை இருக்கும் அந்த வளவில் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கும் சிலை வைத்தார்கள். 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் அந்நூலகம் எரிந்த இரவில், கல்லூரியிலே தங்கியிருந்த பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் மேல்மாடியிலிருந்து தீயைக் கண்டு அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்று யாழ்ப்பாணம் இன்றும் சொல்கிறது. ஒரு குருவானவர் கட்ட உதவியதை எரியக் கண்டு மற்றொரு குருவானவர் மாண்டார். நூலகம் மறுபடி கட்டப்பட்டு வாசகருக்குத் திறக்கப்பட்டதைக் காணும் பாக்கியம் எமக்குக் கிடைத்தது.

எல்லாம் பெருமையாகவே எழுதினால் மலர் மணக்கும், வரலாறு நாறும். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று 1930ஆம் ஆண்டளவில் கட்டளை பிறந்தபோது, யாழ்ப்பாணத்தில் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாங்கிலே பக்கத்தில் ஒரு பிள்ளை இருப்பதற்காகப் பள்ளியையே எரித்த நாடு இது. நாம் வேறு சமயத்தவரைச் சுட்டிக் காட்டித் தப்பவும் முடியாது. எமது கோவில்களுக்குள்ளேயே இன்னார் இன்ன பக்கம் என்று இடம் பிரித்திருந்த காலத்தை முதியோர் மறந்திரார்கள். மீன் மணக்கும் சட்டையோடு பட்டினத்துக் கல்லூரிக்குப் போன எம் கரைப் பிள்ளை வகுப்பில் கேட்ட பகடிகளும் கொஞ்சமல்ல. ஆனாலும் அப்பிள்ளை அந்த வாங்கில் இருந்து படித்தது, எழுந்து பரிசு வாங்கியது.

இப்போது 1960ஆம் ஆண்டுக்கு வருகிறோம். இளையோர் இதைக் கவனித்துப் படிக்கவேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் கட்டணத்தை விட்டு, ஆசிரியர் சம்பளத்துக்கு அரச பணத்தைப் பெற்று நடந்தன. முகாமை மட்டும் சபைகளின் கையில் இருந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியைச் சபை ஆள்வது நியாயமா என்று பௌத்தரும் சைவரும் கேட்டனர். அக்கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். எம்மவர் சில இடங்களில் நடந்துகொண்ட விதமும் அக்கேள்விக்கு உரமாயிற்று. 1960 யூலையில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அமைத்தபின் சட்டம் வந்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் டிசம்பர் முதல் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை கல்விப் பணிப்பாளரிடம் போயிற்று. நாடெங்கும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள் ஒருநாளில் கைமாறின. தென்பகுதிக் கரையோரத்தில் தாய் தந்தையர் பாய் தலையணையோடு பள்ளிகளுக்குள் புகுந்து இருந்துவிட்டார்கள். 1961 சனவரியில் பம்பாய்க் கர்தினால் கிறேசியஸ் ஆண்டகை வந்து சமாதானம் பேச, பெற்றோர் வெளியேறினர். பின்பு 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் முடிக்குரியதாக்கியது.

பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது. தனியார் பாடசாலையாக நிற்கலாம்; ஆனால் அரச பணமும் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக்கூடாது. இரு கையையும் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போன்றது அது. சம்பத்திரிசியார் கல்லூரி அந்த வாசலைத் தெரிந்துகொண்டது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் அவ்வாறே நின்றன. அப்போது எமது மேற்றிராணியார் எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை. அவ்வாண்டுகளைப் பெற்றோரின் நன்கொடையும் பழைய மாணவரின் உதவியும் படிப்பித்த குருக்களின் உழைப்புமே தாங்கின. மீன்பாட்டில் கோவிலுக்கென ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கமுள்ள கரைக்கு, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது புதுமையாகத் தோன்றவில்லை. பின்னாளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது, மூச்சு வந்தது.

சிறிய பாடசாலைகளுக்கு அந்த வாசல் இல்லை. கோவில் வளவோடு ஒட்டிக் கிடந்த ஓட்டுக் கொட்டில்கள், கோவில் மணியோடு தங்கள் மணியையும் அடித்த பள்ளிகள், எல்லாம் போயின. பெயர் மட்டும் பல இடங்களில் போகவில்லை. இன்றும் வடபகுதியில் அரசாங்கப் பெயர்ப்பலகைகளில் 'றோ.க.த.க. பாடசாலை' என்று எழுதியிருக்கும். றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் என்பதன் சுருக்கம் அது. அந்த நான்கு எழுத்துக்கும் விரிவு தெரியாத பிள்ளைகள் அதனுள் படிக்கிறார்கள். நாம் ஞானோபதேசத்துக்குப் போகும்போது கேட்டுப் பார்த்திருக்கிறோம்.

போர்க்காலத்தை நீட்டி எழுத மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது பட்டினத்துப் பாடசாலைகள் யாவும் வெறுமையாயின. அடுத்த ஆண்டில் திரும்பியவர்கள் திரும்பினார்கள். திரும்பாதோர் வன்னிக்கும், பின் கடல் கடந்தும் போனார்கள். அவர்களுட் பலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கம் வைத்து, பிறந்த மண்ணின் கல்லூரிக்குக் கைகொடுக்கிறார்கள். 2025இல் கல்லூரிக்கு 175 வயது நிறைந்தது. இன்று அங்கே கட்டடத்துக்குக் குறைவில்லை.

எமக்குள்ள கவலை கட்டடத்தைப் பற்றியதன்று. இந்தக் கரையிலிருந்து அங்கே போகும் பிள்ளைகளை இப்போது விரல்விட்டு எண்ணலாம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் புள்ளிக்காகத் தனியார் வகுப்புக்கு அனுப்ப வசதியுள்ளவர்கள் முந்திக்கொள்கிறார்கள். எஞ்சிய பிள்ளைகள் சாதாரண தரம் எழுதுமுன்னரே கடலுக்குப் போகிறார்கள், அல்லது வெளிநாட்டு முகவருக்குக் கொடுக்கக் காணி ஈடு வைக்கச் சொல்லித் தகப்பனை நெருக்குகிறார்கள். கட்டணம் வாங்காமல் ஒரு கல்லூரியைத் தாங்கிய கரையின் பிள்ளை அதே கல்லூரிக்குள் நுழைய முடியாது போவது எமக்கு உறுத்துகிறது. அதனாலேயே இந்த யூபிலி ஆண்டின் காணிக்கையில் ஒரு பகுதியை வாணவேடிக்கைக்குச் செலவிடாமல் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குவது என்று பங்குச் சபையும் மூப்பர்மாரும் ஒருமனதாய் முடிவு செய்தார்கள். வாணம் இல்லாத திருநாளா என்று முணுமுணுத்தவர்களும் உளர். அவர்களும் கையொப்பமிட்டார்கள்.

இனி வரும் நாட்களைப் பற்றி. ஆண்டின் தொடக்கத்தில் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியும், அதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் கல்லூரியோடு ஆடும் 'பொன் அணிகளின் போர்' துடுப்பாட்டமும் நடைபெறுவது வழக்கம். பார்க்கப்போகும் எம் இளைஞர் சத்தம் போடட்டும். வீதியில் வாகனத்தை மறித்துக் காசு கேட்கவேண்டாம். மார்ச் 17 பத்திரிசியார் திருநாள். பெரும்பாலும் தபசு காலத்துள் விழும் அத்திருநாளன்று மாலைப் பூசையை நாம் இப்பங்கின் மாணவருக்காகவும், காலஞ்சென்ற ஆசிரியர்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம். பழைய மாணவர்கள் தங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவரவேண்டும்.

மாலை வகுப்புகள் பங்கு மண்டபத்தில் திங்கள் முதல் வியாழன் வரை செபமாலைக்குப் பின் நடைபெறும். கணிதமும் ஆங்கிலமும் படிப்பிக்க முன்வந்துள்ள ஓய்வுபெற்ற ஆசிரியைமார் இருவருக்கும் எமது நன்றி. நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைத் தாய்மார் ஞாயிறு பூசைக்குப் பின் அறைவீட்டில் கொடுக்கலாம். கடலுக்குப் போய்விட்ட பையன்களின் பெயர்களையும் கொடுங்கள். அவர்களுக்கு வேறு நேரம் வைப்போம்.